பாதியில் நின்ற டிகிரியை 43 வயதில் முடித்தேன்: பழைய கிரெடிட்டுகளை வாங்கிக்கொண்ட இரண்டு பல்கலைக்கழகங்கள் பற்றி

எப்போதோ படித்த கல்லூரிக் கிரெடிட்டுகளை (ஒரு வகுப்பை முடித்தால் பட்டக் கணக்கில் சேரும் அலகுகள்) கொண்டுவாருங்கள், இளங்கலைப் பட்டமாக முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் நிறைய இருக்கின்றன. அப்படிச் சொன்ன இரண்டு இடங்களில் நான் பணம் கட்டிப் படித்திருக்கிறேன். முதல் பல்கலைக்கழகம் என்னுடைய 96 கிரெடிட்டில் 90-ஐ ஏற்றுக்கொண்டது. இரண்டாவது 75-ஐ மட்டும்தான் ஏற்றுக்கொண்டது. ஆனால் நான் பட்டம் வாங்கியது இரண்டாவதில்தான், அதுவும் முதல் இடத்தில் ஆகியிருக்கும் காலத்தில் பாதிகூட ஆகவில்லை. இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு செமஸ்டர் கட்டணமும் ஏறக்குறைய ஒரு வருடமும் போயிற்று, இதைப் படிப்பவர்களுக்கு அது போக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. முதலாவது நாடு முழுக்க விளம்பரம் செய்யும் ஒரு ஆன்லைன் பல்கலைக்கழகம். இரண்டாவது ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், பெரியவர்களுக்கென்று தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்குப் பெயர் தேவையில்லை.

முதலில் என்னிடம் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1998-இல் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். இரண்டு வருடம் முடித்ததும் 2000-இல் கல்யாணம், மூன்றாம் ஆண்டுக்குப் போகவே இல்லை. அடுத்த வருடம் வாஷிங்டன் மாநிலம். எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் அப்போது வேலை பார்க்க முடியாது, படிக்கலாம் என்பதால் அங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் கொஞ்சம் கொஞ்சமாக வகுப்புகள் எடுத்தேன். குழந்தை பிறந்தது, நியூ ஜெர்சிக்கு மாறினோம், அதோடு நின்றது. கிரீன் கார்டு வந்த பிறகு ஒரு மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் வேலை கிடைத்தது. ஏழு வருடம் கழித்து மேற்பார்வையாளர் பதவி காலியானபோது, என் கீழ் பயிற்சி பெற்ற பெண்ணுக்கு அது போனது. விளம்பரத்தில் இளங்கலைப் பட்டம் அவசியம் என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான் காரணம். 2021-இல், 40 வயதில், பழைய மதிப்பெண் பட்டியல்களை அலமாரியிலிருந்து எடுத்தேன்.

என்னைப் போன்றவர்கள் குறைவு இல்லை. கல்லூரியில் சேர்ந்து பட்டமோ சான்றிதழோ வாங்காமல் விட்டவர்கள் இந்த நாட்டில் 4 கோடிக்கும் மேல் என்று மாணவர் பதிவுகளைத் தொகுக்கும் நேஷனல் ஸ்டூடென்ட் கிளியரிங்ஹவுஸின் ஆய்வு மையம் கணக்குச் சொல்கிறது. அதனால்தான் இத்தனை பல்கலைக்கழகங்கள் நம் பின்னால் வருகின்றன.

அமெரிக்க இளங்கலைப் பட்டம் என்றால் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட். என் வாஷிங்டன் கல்லூரியில் 63 கிரெடிட் வைத்திருந்தேன். பாதிக்கு மேல் முடித்துவிட்டோம் என்று வருடக்கணக்கில் மனதுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. ஆனால் வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகள் ஓடுவது குவார்ட்டர் கணக்கில், அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களில். ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக 63 என்பது 42. இதில் யாரும் ஏமாற்றவில்லை, கணக்கே அப்படித்தான். குவார்ட்டர் முறையில் படித்தவர்கள் முதலில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், பிறகு திட்டம் போடலாம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து குவார்ட்டர் கிரெடிட் வகுப்பு 3.33 ஆகும், மூன்று கிரெடிட் கேட்கும் இடத்தில் அது தாராளமாக உட்காரும். மூன்று குவார்ட்டர் கிரெடிட் வகுப்பு இரண்டுதான் ஆகும். அது மூன்று கிரெடிட் கேட்கும் இடத்தை நிரப்புமா, ஒரு கிரெடிட் குறைகிறது என்று திருப்பி அனுப்புவார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுகிறது. எனக்கு அப்படி ஒரு வகுப்பு இருந்தது. இரண்டாவது இடத்தில் அட்வைசர், அதாவது மாணவருக்குப் படிப்புத் திட்டம் போட உதவும் ஆலோசகர், ஒரு விலக்குப் படிவம் எழுதி அதை ஏற்கவைத்தார். கேட்காமல் இருந்திருந்தால் இன்னொரு வகுப்புக்குப் பணம் கட்டியிருப்பேன்.

அடுத்தது இந்தியக் கிரெடிட்டுகள். நேரம் அதிகம் போனது இங்கேதான். இந்திய மதிப்பெண் பட்டியலை அமெரிக்கப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் நேரடியாகப் படிப்பதில்லை. நேசஸ் என்ற கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்பார்கள். அறிக்கையில் இரண்டு வகை உண்டு. உங்கள் படிப்பு மொத்தத்தில் எதற்குச் சமம் என்று மட்டும் சொல்வது ஒன்று. தாள் தாளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிரெடிட், என்ன கிரேடு என்று சொல்வது இன்னொன்று. கிரெடிட்டை மாற்ற வேண்டுமென்றால் இரண்டாவது வகைதான் வேண்டும். விலை குறைவு என்று முதல் வகையை வாங்கிவிட்டு மறுபடியும் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அறிக்கைக்கு மூலம் வேண்டும். நான் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது அதிகாரப்பூர்வ மதிப்பெண் பதிவு, வர வேண்டும். பட்டம் முடிக்காதவருக்கு எதற்கு டிரான்ஸ்கிரிப்ட் என்று கவுண்டரில் கேட்டிருக்கிறார்கள். தம்பி நான்கு தடவை போனான். நான்காவது தடவை, "அக்கா, இங்க உனக்காகத் தனியா ஒரு ஃபைலே போட்டாச்சு" என்றான். மூன்று மாதம் ஆயிற்று. அப்புறம் பெயர்ப் பிரச்சினை. மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல், ஓர் எழுத்து, ஒரு புள்ளி. என் அமெரிக்க ஆவணங்களில் கணவரின் பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட கல்யாணப் பதிவுச் சான்று, பழைய பாஸ்போர்ட்டின் நகல், கையெழுத்திட்ட உறுதிமொழி என்று அனுப்பினேன், மூன்று வாரம் அறிக்கை அப்படியே நின்றது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்களுக்கு இது நிச்சயம் வரும். முதல் நாளே அந்த ஆவணங்களைச் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

அறிக்கை வந்தபோது இரண்டு வருட பி.எஸ்சி.க்கு 54 கிரெடிட் பரிந்துரைத்திருந்தார்கள். 42-உம் 54-உம் சேர்ந்து 96. நான் அதிகம் சந்தோஷப்பட்டது ஒரு விஷயத்துக்கு. பி.எஸ்சி.யில் முதல் இரண்டு வருடமும் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் உண்டு இல்லையா, வேதியியல் மாணவர்கள் அந்தத் தமிழ்த் தாளைத் தேர்வுக்கு முந்தின இரவுதான் தொடுவோம். அந்தத் தாள்கள் இங்கே மொழி, இலக்கியம் என்ற பிரிவில் முழுக் கிரெடிட்டாக வந்தன. சங்கப் பாடல்களும் சிலப்பதிகாரமும் படித்ததற்கு நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு கிரெடிட் வாங்கினேன். இதற்காகவே தாள் தாளான அறிக்கைக்குக் கொடுத்த பணம் தகும் என்பேன்.

சரி, முதல் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். இணையதளத்தில் எண்ணைக் கொடுத்த பத்து நிமிடத்தில் போன் வந்தது. பேசியவர் மிகவும் அன்பாகத்தான் பேசினார். 90 கிரெடிட் வரை ஏற்றுக்கொள்வோம், உங்களிடம் 96 இருக்கிறது, ஆக மிச்சம் 30 கிரெடிட்தான் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். அதிகாரப்பூர்வ மதிப்பீடு எப்போது வரும் என்று கேட்டேன். சேர்ந்த பிறகு வரும், இந்த செமஸ்டரை விட்டால் அடுத்தது ஜனவரிதான் என்றார். வணிக நிர்வாகப் பட்டத்தில் சேர்ந்தேன், இரண்டு வகுப்பு எடுத்தேன். வகுப்பை விட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கும் கெடு முடிந்து ஒன்பது நாள் கழித்து மதிப்பீடு வந்தது.

90 கிரெடிட் ஏற்கப்பட்டது, சொன்ன சொல்லில் பொய் இல்லை. ஆனால் பட்டத்துக்கு வேண்டிய பாடங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, எது நிரம்பியது என்று காட்டும் டிகிரி ஆடிட் என்ற பட்டியலைத் திறந்தால், அதில் பட்டத்துக்கு உதவுவது 54 மட்டும். மீதி 36 கிரெடிட் எந்தப் பெட்டியிலும் உட்காராமல் அடியில் தனியாகக் கிடந்தது. வணிக நிர்வாகப் பட்டத்தில் விருப்பப் பாடங்களுக்கு இருந்த இடம் சின்னது, என் வேதியியலும் இயற்பியலும் கணிதமும் அந்த இடத்தைத் தாண்டி வழிந்துவிட்டன. மிச்சம் 66 கிரெடிட் எடுக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டு ஒரு செமஸ்டருக்கு ஆறு கிரெடிட்தான் என்னால் முடியும், அப்படிப் பார்த்தால் 11 செமஸ்டர்.

ஏற்றுக்கொள்வது வேறு, பட்டத்துக்குப் பொருந்துவது வேறு. போனில் பேசுபவர் சொல்லும் எண் முதலாவது. உங்களுக்கு வேண்டிய எண் இரண்டாவது. அந்த இரண்டாவது எண்ணை எழுத்தில் வாங்காமல் எங்கேயும் பணம் கட்டாதீர்கள், எவ்வளவு நல்ல பெயர் உள்ள இடமாக இருந்தாலும் சரி.

அன்றைக்கு இரவு நான் அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எடுத்த இரண்டு வகுப்பையும் நன்றாக முடித்துவிட்டு, அந்த ஆறு கிரெடிட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நியாயமாகச் சொன்னால் வகுப்புகள் தரமாகவே இருந்தன, ஆசிரியர்கள் கேள்விகளுக்கு அன்றன்றே பதில் எழுதினார்கள். படிப்பில் எனக்குக் குறையே இல்லை, சேர்த்துக்கொள்ளும் முறையில்தான் குறை.

அடுத்த ஆறு மாதம் எங்கேயும் சேராமல் தேடினேன். அதில் தெரிந்துகொண்டவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவை ஒரே இடத்தில் கிடைப்பதில்லை.

பெரியவர்களின் சிதறிய கிரெடிட்டுகளைச் சேர்த்துப் பட்டம் தருவதற்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனங்கள் மூன்று, எல்லாமே 1970-களின் தொடக்கத்தில் வந்தவை. நியூ யார்க்கில் 1971-இல் ரீஜென்ட்ஸ் வெளிநிலைப் பட்டத் திட்டமாகத் தொடங்கி இன்று எக்செல்சியர் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இருப்பது ஒன்று. நியூ ஜெர்சியில் 1972-இல் தொடங்கிய தாமஸ் எடிசன் மாநிலப் பல்கலைக்கழகம். கனெக்டிகட்டில் 1973-இல் தொடங்கிய சார்ட்டர் ஓக் மாநிலக் கல்லூரி. சாதாரணப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கடைசி 30 கிரெடிட்டையாவது எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். இந்த மூன்றும் அந்த விஷயத்தில் மிகவும் தாராளம். 100 கிரெடிட்டுக்கு மேல் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு இவைதான் என்று நினைக்கிறேன். இன்னொரு வகை வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம், 1997-இல் மாநில ஆளுநர்கள் பலர் சேர்ந்து தொடங்கியது. அங்கே ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் சரி. வேலையில் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைப் படிப்பவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

நான் இவற்றில் எதிலும் சேரவில்லை, ஏனென்றால் எனக்கு ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நினைத்ததைவிட நல்ல பதில் கிடைத்தது. விண்ணப்பக் கட்டணம் மட்டும் கட்டினேன். சேருவதற்கு முன்பே என் மூன்று டிரான்ஸ்கிரிப்டையும் மதிப்பீட்டு அறிக்கையையும் வைத்து ஒரு அட்வைசர் முக்கால் மணி நேரம் என்னோடு உட்கார்ந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, உங்கள் வேலைக்கு எந்தப் பட்டம் வேண்டும் என்பது. ஏதோ ஒரு இளங்கலைப் பட்டம் இருந்தால் போதும் என்றேன். அப்படியானால் வணிக நிர்வாகத்தை விடுங்கள், பல்துறைப் படிப்பில் சுகாதார நிர்வாகத்தை மையமாக வைத்து எடுங்கள், உங்கள் அறிவியல் தாள்கள் எல்லாம் அதற்குள் வரும் என்றார். யாரும் எனக்கு அதுவரை சொல்லாத விஷயம் இது. பட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கிரெடிட்டைப் பொருத்தப் பார்ப்பதற்குப் பதிலாக, கையில் உள்ள கிரெடிட்டைப் பார்த்துவிட்டுப் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது. ஒன்று மட்டும், செவிலியர், ஆசிரியர், கணக்காளர் போல உரிமம் தேவைப்படும் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது, அவர்களுக்குப் பாடங்கள் வரையறுத்து வைக்கப்பட்டவை.

இரண்டு வாரத்தில் எழுத்தில் பதில் வந்தது. 96-இல் 75 ஏற்கப்பட்டது, 75-உம் பட்டத்துக்குள் உட்கார்ந்தது. விட்டுப்போன 21-க்கும் காரணம் போட்டிருந்தார்கள். பொது வேதியியலை இந்தியாவில் ஒரு தடவை, வாஷிங்டனில் மறுபடி ஒரு தடவை படித்திருந்தேன். ஒரே பாடத்துக்கு இரண்டு தடவை கிரெடிட் கிடையாது, அதில் பத்து போயிற்று. வாஷிங்டனில் எடுத்த இரண்டு வகுப்புகள் 100-க்குக் கீழே எண் கொண்ட தயாரிப்பு வகுப்புகள், அவை எங்கேயுமே பட்டத்துக்குச் சேராது. மீதி சில்லறை. காரணத்தோடு கிடைத்த 75, காரணம் இல்லாமல் கிடைத்த 90-ஐவிட எனக்கு நிம்மதியாக இருந்தது.

வாஷிங்டனில் எடுத்த ஒரு கணினி வகுப்பை முதன்மைப் பாடத்துக்கு ஏற்க முடியாது, விருப்பப் பாடமாக மட்டும் வைக்கிறோம் என்றார்கள், 15 வருடத்துக்கு மேல் பழையது என்பதால். கிரெடிட்டுகள் காலாவதி ஆகிவிடும் என்று பயப்படுபவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ஆங்கிலம், வரலாறு போன்ற பொதுப் பாடங்கள் 20, 30 வருடம் ஆனாலும் பெரும்பாலும் செல்லும். கணினி, செவிலியம், சில அறிவியல் பாடங்களுக்குத்தான் பல இடங்களில் கால வரம்பு வைத்திருக்கிறார்கள். இன்னொரு நல்ல செய்தி, மாறிவருவது கிரெடிட் மட்டும்தான், பழைய மதிப்பெண் பொதுவாகப் புதிய சராசரியில் சேராது. 19 வயதில் இயற்பியலில் தட்டுத்தடுமாறித் தேறிய நான், புதிய இடத்தில் சுத்தமான பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் இடத்தில் எடுத்த ஆறும் சேர்ந்து 81. மிச்சம் 39. அதில் 30 அங்கேயே எடுக்க வேண்டும் என்பது விதி, மீதி ஒன்பதை எங்கே வேண்டுமானாலும் சம்பாதிக்கலாம். அங்கேதான் கிளெப் வந்தது.

கிளெப் என்பது காலேஜ் போர்டு நடத்தும் தேர்வுகள், 1967-இலிருந்து இருக்கின்றன. ஒரு பாடத்தை நீங்களாகவே படித்துவிட்டு ஒன்றரை மணி நேரத் தேர்வு எழுதினால் பெரும்பாலும் மூன்று கிரெடிட். மதிப்பெண் 20-இலிருந்து 80 வரை, 50 வந்தால் கிரெடிட் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் கல்விக் கவுன்சில் பரிந்துரைக்கிறது, பெரும்பாலான இடங்கள் அதைப் பின்பற்றுகின்றன. தேர்வுக் கட்டணம் 100 டாலரை ஒட்டித்தான். அதையும் கட்டாமல் எழுத ஒரு வழி இருக்கிறது. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளை பெரும்பாலான கிளெப் பாடங்களுக்கு இலவச ஆன்லைன் வகுப்பு வைத்திருக்கிறது, அதை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சர் தருகிறார்கள். மூன்று கிரெடிட் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டிய எனக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. எந்தக் கண்ணியும் இல்லை. இந்தப் பயணம் முழுவதிலும் ஐந்துக்கு ஐந்து கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான்.

நான் எழுதியது அமெரிக்க வரலாறு முதல் பகுதி, அறிமுகச் சமூகவியல், மேலாண்மைக் கோட்பாடுகள். மேலாண்மை எளிது, வேலை பார்த்தவர்களுக்குப் பாதி தெரிந்தே இருக்கும். சமூகவியலுக்கு ஐந்து வாரம் போதுமாக இருந்தது. வரலாறுதான் கஷ்டம். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குக் காதில் விழுந்தே பழகிய பெயர்கள் எல்லாம் எனக்குப் புதியவை. மார்ச்சில் எழுதி 47 வாங்கினேன். மதிப்பெண் அங்கேயே திரையில் வந்துவிடும், கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். அதே பாடத்தை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஜூன் மாதம் வரை மகளின் பள்ளிப் பாடப் புத்தகத்தையும் சேர்த்துப் படித்தேன், அவளே என்னைக் கேள்வி கேட்டாள். இரண்டாவது தடவை 58.

கிளெப் எழுதுமுன் ஒன்றைச் செய்யுங்கள். எந்தத் தேர்வு, எந்தப் பெட்டியை நிரப்பும் என்று அட்வைசரிடம் மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 30 கிரெடிட்டுக்குள் கிளெப்பை ஏற்காத இடங்கள் உண்டு. சோபியா, ஸ்டடி டாட் காம், ஸ்ட்ரெய்ட்டர்லைன் போன்ற தளங்களின் வகுப்புகளுக்கும் இதுவே. அவற்றுக்குக் கல்விக் கவுன்சிலின் பரிந்துரை இருக்கிறது, விலை குறைவு, ஆனால் பரிந்துரை என்பது பரிந்துரைதான், ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் முடிவு.

எந்தப் பல்கலைக்கழகமானாலும் அங்கீகாரத்தைப் பாருங்கள், கூட்டாட்சிக் கல்வித் துறையின் தரவுத்தளத்தில் பெயரைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்கள் அனுபவத்துக்கே பட்டம் தருகிறோம், வகுப்பே வேண்டாம் என்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம்.

2022 ஆகஸ்டில் சேர்ந்தேன். ஐந்து செமஸ்டர், கோடைக்காலம் ஒன்றும் சேர்த்து, தலா ஆறு கிரெடிட். அந்த 30-உம் ஏறக்குறைய எல்லாமே 300, 400 நிலை வகுப்புகள், அதாவது பட்டப்படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான மேல்நிலை வகுப்புகள். சமுதாயக் கல்லூரியில் எவ்வளவு படித்திருந்தாலும் அது 100, 200 நிலையில்தான் வரும், பட்டத்துக்கு மேல்நிலை வகுப்புகள் இத்தனை என்று தனியாக ஒரு கணக்கு உண்டு. கையில் 90 கிரெடிட் இருந்தும் சிலருக்கு 30-க்கு மேல் எடுக்க வேண்டி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணங்கள் உண்டு. இரண்டு வருடத்துக்குள் அட்வைசர் மூன்று தடவை மாறினார், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. முதலாமவர் எழுதிக்கொடுத்த விலக்கைப் பற்றி மூன்றாமவருக்குத் தெரியவே இல்லை, மின்னஞ்சலைத் தேடி எடுத்து அனுப்பிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். ஒரு கட்டாய வகுப்பு வருடத்தில் ஒரு செமஸ்டர் மட்டும்தான் நடக்கும், அதைத் தவறவிட்டிருந்தால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கும், இதை யாரும் தானாக வந்து சொல்லவில்லை. கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று சொன்ன கட்டணத்துக்கு மேல் தொழில்நுட்பக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று ஒவ்வொரு செமஸ்டரும் வந்தது. குழுவாகச் செய்யும் வேலைகளில், இரவு 11 மணிக்குக் கூடலாம் என்று சொல்லும் 20 வயதுப் பிள்ளைகளோடு ஒத்துப்போவதும் சுலபமாக இல்லை. ஆனால் பாடம் நடத்திய விதத்தில் குறை சொல்ல முடியாது. சுகாதாரச் சட்டம் நடத்திய பேராசிரியர் நான் தினமும் பார்க்கும் பில்லிங் தகராறுகளையே கட்டுரைத் தலைப்பாக எடுக்கச் சொன்னார். 40 வயதில் படிப்பதன் பலன் எனக்கு அந்த வகுப்பில்தான் முழுதாகத் தெரிந்தது. படிப்பது எல்லாவற்றையும் மறுநாளே வேலையில் பார்க்க முடிந்தது.

பணம் பற்றி. வேலை கொடுப்பவர் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை படிப்புக்குக் கொடுத்தால் அதற்கு நீங்கள் கூட்டாட்சி வருமான வரி கட்ட வேண்டியதில்லை, அதனால் பல நிறுவனங்கள் அந்தத் தொகையையே உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. எங்கள் மருத்துவமனையும் அப்படித்தான். ஏழு வருடமாக அந்த வசதி இருந்திருக்கிறது, நான் கேட்டதே இல்லை. ஆறு கிரெடிட்டை ஆகஸ்டிலும் ஆறை ஜனவரியிலும் எடுத்தால் இரண்டு ஆண்டுகளின் தொகையில் பிரிந்து விழும், அப்படித் திட்டமிட்டதில் என் கையிலிருந்து போனது பாதிக்கும் குறைவு. கிரீன் கார்டு உள்ளவர்கள் கூட்டாட்சி அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் போடலாம், எச்-4 விசாவில் இருப்பவர்களுக்குக் கூட்டாட்சி உதவி கிடையாது. கூட்டாட்சிக் கடன் வேண்டுமென்றால் குறைந்தது பாதி நேர மாணவராக இருக்க வேண்டும், இளங்கலைக்கு அது பெரும்பாலும் ஆறு கிரெடிட், அதனால்தான் நான் ஆறுக்குக் கீழே இறங்கவே இல்லை. பழைய கல்லூரிக்குப் பாக்கி வைத்துவிட்டு வந்தவர்கள் அதை முதலில் விசாரியுங்கள், சில இடங்களில் பாக்கிக்காக டிரான்ஸ்கிரிப்டையே நிறுத்தி வைப்பார்கள். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் அதைச் சட்டத்தால் தடுத்திருக்கின்றன. என்னோடு படித்த ஒருவர் 600 டாலர் பாக்கிக்காக 40 கிரெடிட்டைப் பத்து வருடம் தொட முடியாமல் இருந்தார். தவணையில் கட்டுகிறேன் என்று எழுதிக் கேட்ட பிறகுதான் விடுவித்தார்கள்.

இப்போது தொடங்குகிறவர்கள் எங்கே சேர்ந்தாலும் அட்வைசருக்கு இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள், போனில் வேண்டாம். என் கிரெடிட்டில் எத்தனை இந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்குள் உட்காரும், மிச்சம் எத்தனை, அதில் மேல்நிலை எத்தனை, உங்களிடமே எடுக்க வேண்டியது எத்தனை, மிச்ச வகுப்புகள் எந்தெந்த செமஸ்டரில் நடக்கும். சேருவதற்கு முன்னால் இந்த ஐந்துக்கும் பதில் எழுதித் தர முடியாது என்றால், முடியும் என்று சொல்லும் இன்னொரு இடம் கட்டாயம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதில் நானே தவற இருந்தேன். 120 கிரெடிட் முடிந்தால் பட்டம் தானாக வந்துவிடாது. பட்டத்துக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கெடு கடைசி செமஸ்டரின் ஆரம்பத்திலேயே வந்துவிடும். பிப்ரவரியில் ஒரு வகுப்புத் தோழி சொல்லித்தான் எனக்கே தெரியும், இரண்டு நாள் மிச்சம் இருந்தது. அந்தப் படிவத்தில் சான்றிதழில் உங்கள் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று கேட்பார்கள். அதிகாரப்பூர்வப் பெயரோடு நடுவில் ஓர் எழுத்து சேர்த்துக்கொள்ளலாம் என்று கீழே சின்னதாகப் போட்டிருந்தது. 1998-ஆம் வருட மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த அப்பாவின் இனிஷியலை அந்த இடத்தில் எழுதினேன். 2024 மே மாதம் தபாலில் வந்த சான்றிதழில் அது இருக்கிறது, புள்ளியோடு.